தந்தை நின்ற களம்

மலாய் மொழியில் 'புக்கிட் பெருந்துங்' என்றால் நற்பேறு வாய்ந்த குன்று என்பது பொருள். இரப்பரும் செம்பனையும் நின்ற உலு சிலாங்கூர் நிலத்தில், 1990ஆம் ஆண்டுகளில் எழுந்த குடியிருப்பு நகரம் இது. இன்று இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல, சுற்றியிருந்த தோட்டங்களின் லயங்களைவிட்டு வந்தவை. மேற்கே பத்தாங் பெர்சுந்தை, ஈஜோக், கோல சிலாங்கூர் வரையிலும் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமான் வீடுகளிலிருந்து பள்ளிக்கு வருகின்றனர்.

அவர்களுள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்து. அவனுடைய பாட்டனார் தோட்டத்தில் சிலம்ப வாத்தியாராக இருந்தவர். கோயில் திருவிழாக்களில் அவர் கம்பைச் சுழற்றினால் காற்று கிழிபடும் ஓசை கேட்கும் என்பார்கள். தந்தையும் இளமையில் கம்பெடுத்தவர். பையனுக்கோ அதில் நாட்டமில்லை. ஒருநாள் மாலையில் தந்தை அவனை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான். பரம்பரை பரம்பரையா வந்தது எங்களோட அறுந்துடக் கூடாது" என்றார். பையன் தலை நிமிராமலே, "தாத்தா ஆடினார், அப்பா ஆடினார். அதனால நானும் ஆடணுமா ஐயா?" என்றான்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கப்படாத வினா அது. "இரண்டு வாரம் கழித்துச் சொல்கிறேன்" என்று இருவரையும் அனுப்பிவைத்தேன். அந்த இரண்டு வாரங்களில் நான் தேடியது சிலம்பத்தை அன்று, மற்போரை. தந்தை நின்ற களத்தில் மகன் நிற்பது என்பதன் பொருளை மற்போர்க் குடும்பங்களின் வரலாற்றைப் போல் விளக்குவது வேறொன்றில்லை என்று எனக்குத் தோன்றியது.

முதலில் நம் இலக்கியத்தையே நோக்குவோம். புறநானூற்றின் 80, 81, 82ஆம் பாடல்களைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடினார். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருது வென்றதே அவற்றின் செய்தி. ஒரு முழந்தாளை மல்லனின் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் முதுகைச் சாரவந்த சூழ்ச்சியை விலக்கி, பசித்த யானை மூங்கிலை வளைப்பது போல் தலையும் காலும் ஒருங்கே முறியக் கிள்ளி தாக்குகின்றான். பிடியும் மறுபிடியும் கண்முன் தெரியும்படி புலவர் பாடியிருப்பதைப் பார்த்தால், அவர் மற்களத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர் என்றே சொல்லத் தோன்றும்.

அப்போரின் விரைவுக்குப் புலவர் காட்டும் உவமை இன்னும் வியப்பானது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்கு மகப்பேற்று வலி, வானத்தில் மழை, பொழுதோ சாய்கின்றது. அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னும் ஒரு தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையுமோ, அவ்வளவு விரைவில் முடிந்ததாம் அந்தப் போர். அரச குமரனின் வீரத்தை அளப்பதற்கு ஓர் ஏழைத் தொழிலாளியின் கையைப் புலவர் அளவுகோலாகக் கொண்டார். உளியைக் கையில் பிடித்த தோட்டத் தொழிலாளியின் மக்களாகிய நாம் மறக்கக் கூடாத உவமை இது.

ஆயினும் நம் வினாவுக்கு விடை தருவது 80ஆம் பாடலின் மற்றோர் இடம். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, இக்காட்சியைத் தித்தன் காணவேண்டும் என்று புலவர் விழைகின்றார். உறையூர்த் தலைவனாகிய இந்தத் தித்தன் கிள்ளியின் தந்தை என்றும், தந்தையோடு மாறுபட்டு மகன் பிரிந்து வாழ்ந்தான் என்றும் உரைமரபு கூறும். அப்படியாயின், வெற்றி பெற்ற மகன் களத்தில் நிற்கின்றான். பார்க்க வேண்டிய ஒருவர் அங்கே இல்லை. ஊரே ஆர்ப்பரித்தாலும் அந்த இருவிழிகள் இல்லாத குறை நிரம்பவில்லை. கிள்ளிக்குத் தந்தை மற்போரைக் கற்பித்ததாகப் பாடல் சொல்லவில்லை. எனினும் அவன் வெற்றி தந்தையின் பார்வையை வேண்டி நின்றது. மரபு என்பதன் முதற்பொருள் இதுவே போலும்: நம்மைப் பெற்றவர் நம்மைக் காணவேண்டும் என்னும் வேட்கை.

பிற்காலத்தில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பட்டத்தைச் சூடினான். அவன் பெயரைத் தாங்கி மாமல்லபுரம் இன்றும் நிற்கின்றது. அரசர்க்கு மல்லன் என்பது பட்டம். சில குடிகளுக்கோ அது பிறப்போடு வந்த கடமையாயிற்று.

அத்தகைய குடியினரைக் காண மைசூருக்குச் செல்லவேண்டும். அங்கே ஜெட்டிகள் என்னும் மற்போர்க் குடியினர் உள்ளனர். மல்லருள் மூத்தவரைக் குறித்த 'ஜ்யேஷ்டி' என்னும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். மல்லர்களை அகவையாலும் ஆற்றலாலும் வகைப்படுத்தி அவர்தம் உணவையும் பயிற்சியையும் விளக்கும் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூல், சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. விசயநகர அரசின் மகாநவமி விழாவைக் கண்ட போர்த்துக்கீசியப் பயணி நூனிசு, கூர்முனை கொண்ட வளையங்களைக் கையில் அணிந்து மல்லர்கள் ஒருவரையொருவர் தாக்கியதை 16ஆம் நூற்றாண்டில் குறித்துவைத்தார். அதன் எச்சமே மைசூர்த் தசராவில் நடைபெறும் 'வச்சிரமுட்டி' என்னும் போர்.

விசயதசமி நாளில் மைசூர் அரண்மனை முற்றத்தில் செம்மண் களம் அமைக்கப்படும். ஜெட்டிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களே அதில் இறங்குவர். பிறருக்கு அங்கே இடமில்லை. தலையை மழித்து உச்சியில் சிறு குடுமி மட்டும் விட்டிருப்பர். விரல்களில் கோத்துப் பிடிக்கும் முள்முனைக் கருவியே வச்சிரமுட்டி. எதிரியின் தலையில் முதல் குருதித்துளி தோன்றியதும் போர் நிறுத்தப்படும். அதன் பின்னரே அரண்மனையின் அடுத்த சடங்குகள் தொடரும்.

இங்கே வெற்றி தோல்விக்குப் பெரும் பொருளில்லை. ஆண்டுதோறும் யாரோ ஒரு தந்தையின் மகன் குருதி சிந்தியாக வேண்டும் என்பதே ஏற்பாடு. முறைமை நிலைக்கிறது, வழக்கம் அறாமல் நடக்கிறது. ஆனால் களத்தில் இறங்கும் இளைஞனை எவரேனும் "உனக்கு விருப்பமா?" என்று கேட்டிருப்பரா? மரபின் இரண்டாம் முகம் இது. பெருமையும் கடமையும் ஒன்றாய்க் கலந்து, எது எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாத நிலை.

இனி வடபுலம் நோக்குவோம். 'காமா' என்று உலகறிந்த குலாம் முகம்மது, 1878ஆம் ஆண்டில் பஞ்சாபில் மல்லர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் மல்லர், அவர் இளமையிலேயே மறைய, பாட்டனாரும் மாமனும் சிறுவனைப் பயிற்றினர். பத்து வயதில் சோத்பூரில் நடந்த உடற்பயிற்சிப் போட்டியில் நூற்றுக்கணக்கான மல்லர்களோடு நின்று, கடைசிவரை தாக்குப்பிடித்த சிலருள் ஒருவனாகி மன்னரின் பரிசைப் பெற்றார். 1910இல் தம்பி இமாம் பக்ஷோடு இலண்டன் சென்றார். அங்கே தம்பி சுவிட்சர்லாந்து வீரர் ஜான் லெம்மை வீழ்த்தினார். அண்ணன், போலந்து வீரர் சிபிஸ்கோவோடு செப்டம்பர் 10ஆம் நாள் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பொருதும் முடிவு காணவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபோருக்குச் சிபிஸ்கோ வராமையால் வாகைக்கச்சை காமாவுக்கு வந்தது. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதபோது காமா ஒரு நிமிடத்திற்குள் அவரை மல்லாத்தினார்.

காமாவுக்குப் பின் களத்தைத் தாங்கியவர்கள் தம்பி இமாம் பக்ஷின் மக்களாகிய போலு சகோதரர்கள். நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் மற்போரே அக்குடும்பத்தின் பெயரால் விளங்கிற்று. 1976 டிசம்பரில் கராச்சியில், அச்சகோதரர்களுள் ஒருவரான அக்ரம், சப்பானிய வீரர் அந்தோனியோ இனோக்கியிடம் காயமுற்றுத் தோற்றார். அது ஒரு வீரரின் தோல்வியாகக் கருதப்படவில்லை. காமா குடும்பத்தின் தோல்வியாகக் கருதப்பட்டது. உடனே அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறைப் பிள்ளையாகிய சுபைர் என்னும் ஜாராவை ஆயத்தப்படுத்தினர். அப்போது அவர் பதின்ம வயதினர். 1979 சூனில் இலாகூரில் அவர் இனோக்கியோடு ஐந்து சுற்றுகள் பொருதார். இறுதியில் இனோக்கி தாமே ஜாராவின் கையைப் பற்றி உயர்த்தினார். குடும்பத்தின் மானம் மீண்டது என்று மக்கள் ஆர்ப்பரித்தனர்.

வரலாறு அத்துடன் முடிந்திருந்தால் அது இனிய கதை. ஆனால் ஜாரா 1991இல், முப்பதை எட்டிய அகவையிலேயே மறைந்தார். பெரியப்பன் சிற்றப்பன்மாரின் கணக்கைத் தீர்ப்பதற்காகப் பதின்ம வயதில் ஒரு நாட்டின் சுமையைத் தோளில் ஏற்றவர், அதற்குப் பின் தமக்கென வாழக் கிடைத்த காலம் பன்னிரண்டு ஆண்டுகளே. பின்னாளில் அக்குடும்பத்தின் மற்றோர் இளைஞர் சப்பானில் பயிற்சி பெற வழிசெய்தவர் இனோக்கியே என்பது இவ்வரலாற்றின் ஈரமான பகுதி. பகைவனாய் வந்தவர் ஆசிரியராய் மாறினார். குடும்பம் சுமத்தியதைப் பகைவர் பகிர்ந்துகொண்டார்.

இவ்விடத்தில் மற்றோர் எடுத்துக்காட்டு தேவை. நம் நாட்டு மூத்தோர் மறவாத பெயர்: தாராசிங். அவர் மல்லர் குடும்பத்தில் பிறந்தவரல்லர். அமிர்தசரசு மாவட்டத்து உழவர் வீட்டுப் பிள்ளை. 1928இல் பிறந்த அவர், 1947ஐ ஒட்டிக் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து ஆலையில் வேலை செய்தார். அங்கே, கிரேட் வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் அர்நாம் சிங் என்பாரிடம் மற்போர் பயின்றார். அக்காலத்துச் சிங்கப்பூரில் நியூ வோர்ல்டு, கிரேட் வோர்ல்டு, ஹாப்பி வோர்ல்டு என்னும் பூங்காக்கள் உழைக்கும் மக்களின் இரவுலகமாய் இருந்தன; கூத்தும் குத்துச்சண்டையும் மற்போரும் அங்கே ஒருங்கே நடந்தன. திர்லோக் சிங் என்பவரை வென்று மலாயா வாகையரான தாராசிங், பின்னர் இந்தியா சென்று 1954இல் 'இந்தியாவின் வீரர்' என்னும் பட்டத்தையும், 1968இல் பம்பாயில் லூ தெசை வென்று உலக வாகையையும் பெற்றார். அவர் தம்பி இரந்தாவாவும் மல்லரானார். மரபைப் பெறாத ஒருவர் மரபைத் தொடங்கிவைத்த வரலாறு இது. அதன் தொடக்கம் நம் மண்ணில் என்பது நமக்குப் பெருமை.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். தாராசிங்கையும், மலை போன்ற உடலினரான கிங்காங்கையும் பற்றி அவர் எங்களுக்குச் சொன்ன கதைகள் பல. விடியற்காலைப் பெரட்டுக்கு எழவேண்டியவர், நகரத்தில் மற்போர் பார்த்துவிட்டு இரவெல்லாம் உறங்காமல் திரும்பி, நேரே உளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாராம். ஐரோப்பாவிலிருந்து வந்த எமில் சாயா என்பவரே கிங்காங். 1970இல் வாகன விபத்தில் காயமுற்றுச் சிங்கப்பூரில் மறைந்தார். "அந்தச் சண்டைகள் உண்மையா, நடிப்பா அப்பா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். தந்தையார் சிரித்து, "கூத்துல துரியோதனன் சாகுறது உண்மையா? பார்க்குறவன் அழுவது உண்மைதானே" என்றார்.

அக்கூற்றின் ஆழம், மெக்சிகோ நாட்டு 'லுச்சா லிப்ரே' பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. கட்டற்ற போர் என்பது அத்தொடரின் பொருள். 1933இல் சால்வடோர் லுட்டெரோத் என்பவர் மெக்சிகோ நகரில் அதற்கென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அதில் முடிவுகள் முன்னரே வகுக்கப்பெறும். முகமூடி அணிந்த வீரர்கள் நல்லவர் அணி, தீயவர் அணி எனப் பிரிந்து பொருவர். நம் தெருக்கூத்தில் ஒப்பனையும் முடியும் புனைந்து கட்டியங்காரன் அறிவிக்க வேடதாரிகள் வருவதை நினைத்தால் அது நமக்குப் புதுமையாகத் தோன்றாது.

அங்கே மல்லர்களின் மக்களுக்கென்றே ஒரு போட்டி உண்டு. லுட்டெரோத் தோற்றுவித்த அதே நிறுவனம் நடத்தும் அதன் பெயர் 'கோப்பா ஜூனியர்', அதாவது இளையோர் கோப்பை. தந்தை மல்லராய் இருந்தவரே அதில் கலந்துகொள்வர். எனினும் 'இளையவர்' என்று பெயர் சூடியோர் அனைவரும் குருதி வழி மக்களல்லர் என்பது அந்நாட்டு மற்போரின் வினோதம். புகழ்பெற்ற ஒருவரின் பெயரையும் முகமூடியையும் உரிமை பெற்று அணிந்தோரும் உண்டு. நீலப் பேய் என்னும் பொருள்தரும் புளூ டீமனின் பெயரைத் தாங்கிய இளையவர், அவருடைய வளர்ப்பு மகன். அங்கே மரபு என்பது ஒரு சொத்து. சொத்தானால் வழக்கும் வரும். 'எல் சான்டோ' என்னும் பெருவீரரின் பேரன் அப்பெயரைத் தொடர முயன்றபோது, சான்டோவின் மகனுக்கும் அவருக்கும் இடையே நீதிமன்ற வழக்கு நிகழ்ந்தது.

ஆனால் அந்தச் சான்டோவின் வாழ்வில்தான் நான் தேடிய விடையின் ஒரு பகுதியைக் கண்டேன். வெள்ளி முகமூடி அணிந்த அவர் 1942 முதல் அப்பெயரில் களமிறங்கி, ஐம்பதுக்கு மேற்பட்ட திரைப்படங்களில் நடித்து, 1984இல் மறைந்தார். முகமூடியோடே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இளைய மகன் மல்லராக விரும்பியபோது, படிப்பை முடிக்கும்வரை தம் பெயரைப் பயன்படுத்தலாகாது என்று தந்தை விதித்தார். மகன் 'கோராக்' என்னும் வேற்றுப்பெயரில் களமிறங்கித் தன் ஆற்றலை அறிந்துகொண்டான். படிப்பும் முடிந்த பின்னர் 1982இல்தான் 'சான்டோவின் மகன்' ஆனான். தந்தையின் பெயர் இல்லாமல் நின்று காட்டிய பின்னரே தந்தையின் பெயர் கிடைத்தது.

இவ்வளவையும் எண்ணியபோது நம் தோட்டங்களின் வரலாறு என் கண்முன் வந்து நின்றது. நமக்கும் ஒரு மரபுரிமை இருந்தது, அது உளி. பாட்டன் வெட்டிய மரத்தைத் தந்தை வெட்டினார். தந்தை வெட்டிய நிரையை மகன் வெட்டினான். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். மரம் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறைகள் உழைத்தும் மகனுக்கு எழுதிவைக்க ஒரு பிடி மண் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அப்படி எழுந்த பள்ளிகளில் பல, ஓரறையும் ஓராசிரியருமாய் இருந்தன. ஆயினும் அந்த ஓரறையில்தான், "என் மகன் உளி எடுக்கக் கூடாது" என்று ஒரு தலைமுறைத் தந்தையர் முடிவெடுத்தனர். என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர். அவர் எனக்குக் கொடுத்த பெருஞ்சொத்து, தம் தொழிலை எனக்குக் கொடுக்காமல் விட்டதே.

ஆகவே, மரபைத் தொடர்வது மட்டும் பற்று அன்று. சிலவேளைகளில் மரபை அறுப்பதும் பற்றே. உளியையும் கம்பையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதும் உண்மை. உளி பிறர் நம் கையில் திணித்தது. கம்போ, அவ்வுளியைப் பிடித்த அதே கை, மாலையில் தன் விருப்பால் எடுத்தது. பகலெல்லாம் குனிந்த முதுகு இரவில் நிமிர்ந்து நிற்கக் கற்ற கலை அது. அதை அறியாமலே ஒரு சிறுவன் இழப்பானாயின், அது அவனுடைய விடுதலை ஆகாது, அறியாமையே ஆகும். ஆனால் அதை அவன் கையில் நாமே திணிப்போமாயின், கம்பும் உளியாகிவிடும்.

இரண்டு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தனர். சான்டோவின் கதையையும் ஜாராவின் கதையையும் இருவருக்கும் சொன்னேன். பிறகு பையனிடம், "நீ ஆடவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்கு முன், வேண்டாம் என்பது எதை என்று தெரிந்துகொள். சனிக்கிழமைகளில் தாத்தாவிடம் போய், அவருக்குத் தெரிந்தவற்றையெல்லாம் கேள்" என்றேன். தந்தையின் முகத்தில் முழு நிறைவு தோன்றவில்லை. நான் ஆணையிடுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர் அவர். ஆயினும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங்களுக்குப் பின் பையன் ஒரு பயிற்சிப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்தான். சலாம் வரிசையில் தொடங்கி, அடிமுறைகள், வீடுகட்டும் காலடிகள், துளுக்காணம், குறவஞ்சி எனப் பாட்டனார் சொன்ன பெயர்களும் விளக்கங்களும் அதில் வரிசையாய் எழுதப்பட்டிருந்தன. காலடி வைக்கும் முறைக்குக் கோடும் புள்ளியுமாய்ப் படங்களும் இருந்தன. எழுத்துப் பிழைகள் நிறைய. "தாத்தாவுக்கு எழுதத் தெரியாது ஐயா. அதனால நான் எழுதிட்டேன்" என்றான். அவன் கம்பெடுத்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அன்று மாலை நான் அப்பிழைகளைத் திருத்த அமர்ந்தேன். செவ்வண்ண மையைத் தொடுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினேன். தித்தன் காணவேண்டும் என்று சாத்தந்தையார் விழைந்தது நினைவுக்கு வந்தது. மறுநாள் பையனை அழைத்து, "இதைத் திருத்துமுன் உன் தாத்தாவுக்கு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டு" என்று அனுப்பினேன்.

ஆசிரியப் பெருமக்களே, நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு களம் இருக்கின்றது. அது சிலம்பக் களமாக இருக்கலாம். தவிலும் நாயனமும் ஒலித்த கோயில் முற்றமாக இருக்கலாம். வெறும் பால்மரக் காடாகவும் இருக்கலாம். அக்களத்தில் இறங்கு என்றோ, அதனை மற என்றோ ஆணையிடுவது நம் பணியன்று. அங்கே நின்றவர் யார், எதற்காக நின்றார் என்று பிள்ளை கேட்டறிய வழிசெய்வதே நம் பணி. அதன் பின் அவன் எந்தக் களத்தில் நின்றாலும், அவனைக் காணவேண்டிய கண்கள் அங்கே இருக்கும்.